கடவுச்சொல்லுக்கு ஒரு வட்டவிதானை

கச்சான் காற்று சுட்டெரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தது. ஓரங்களில் அவர் சிவப்பு மையால் எழுதியிருந்தவை அத்தியாயத்தைவிட நீளமாக இருந்தன. நடையும் என்னுடையதைவிட மேல் என்றுதான் சொல்லவேண்டும். "ஆதாரம்?" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் கை வலித்திருக்கும்; வெறும் கேள்விக்குறிகள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக, வலையில் தொங்கும் ஈயக் குண்டுகள் போல.

ஒரேயொரு வாக்கியத்துக்கு மட்டும் தனிக் கவனம் கிடைத்திருந்தது. "ஆற்றுவாய் வெட்டிய மறுநாள் எங்கள் வகுப்பின் பின்வாங்குகள் வெறுமையாகின்றன, பிள்ளைகள் தண்ணீரோடு போய்விடுகிறார்கள்." இதை இரண்டு தடவை கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் "இது கவிதை" என்று எழுதியிருந்தார். அங்கும் இங்கும் நான் வசனகவிதை எழுதுகிறவள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் தண்ணீர் ஈரமானது என்று எழுதினாலும் அவருக்கு அது கவிதைதான்.

நான் செட்டிபாளையம் பக்கம், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். கோடையில் அதன் வாயை மணல் அடைத்துவிடும். மாரியில் மழையும் வெள்ளமும் வந்து நிறைய, அந்தப் பக்கம் வேளாண்மை முழுக்கத் தண்ணீருக்குள் நிற்கும். அப்போது விவசாயிகள் போய்க் கேட்பார்கள், அதிகாரிகள் கூட்டம் வைப்பார்கள், பெக்கோ இயந்திரம் வரும், மணலை வெட்டி வாயைத் திறப்பார்கள். அடைபட்டிருந்த தண்ணீரெல்லாம் கடலைப் பார்த்து ஓடும். அதோடு இறாலும் ஓடும். அந்த ஓட்டத்தில் வலை போடாமல் வீட்டில் இருக்கிற குடும்பம் எங்கள் கரையில் இல்லை. தகப்பன் வீச்சு வலையோடு போக, பிள்ளைகள் அத்தாங்கு என்னும் கைவலையோடு பின்னால் போவார்கள். வகுப்பில் முன்வாங்கில், அதாவது முன்வரிசைப் பலகையில், இருக்கும் கடைக்காரர் பிள்ளைகளும் நானும் மிஞ்சுவோம்.

இது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். வலயக் கல்விப் பணிமனைக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு மாரியும் "மாணவர் வரவில் அக்கறையின்மை" என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். அதிபர் அதை என்னிடம் தருவார், நான் பதில் எழுதுவேன், அதற்குப் பதில் வராது, அடுத்த மாரி அதே கடிதம் வரும். அந்தப் பிள்ளைகள் சோம்பேறிகள் அல்ல என்று எங்காவது அச்சில் ஒரு வரி நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்த முதுமாணிப் படிப்பில் சேர்ந்தேன். ஐம்பதை எட்டிப் பிடிக்கப்போகும் வயதில், சனி ஞாயிறு உறக்கத்தைக் கொடுத்து, ஒரு வரி. அந்த வரியைத்தான் அவர் அடித்திருந்தார்.

பதிவை ஏற்கெனவே நீடித்தாயிற்று. ஆண்டு முடிவதற்குள் இந்த அத்தியாயம் ஏற்கப்படாவிட்டால் பதிவு தானாகக் கழன்றுவிடும். மறுபடி சேரலாம், முதலிலிருந்து. அதற்கு எனக்குத் தெம்பு இல்லை என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடச் சொல்வார்கள், நான் விட்டுவிடுவேன்.

"ஆதாரம் எல்லாம் எங்கட நூலகத் தரவுத்தளங்களில இருக்கு" என்றார் மேற்பார்வையாளர். "தேடுறதுதான் இல்ல. உங்களப் போல ஆக்கள் மனசுக்குள்ளயே தேடுறீங்க."

தரவுத்தளங்கள் பற்றி எங்களுக்கு முன்பே ஓர் அறிமுக நாள் நடந்திருந்தது. ஒரு பெரிய மண்டபத்தில், பெரிய திரையில், உலகத்திலுள்ள ஆய்விதழ்களெல்லாம் எங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஒரு கிழமைக்குள் வரும் என்றார்கள். எந்த ஆண்டின் எந்தக் கிழமை என்று யாரும் கேட்கவில்லை. வடையும் தேநீரும் உடனே வந்தன. அன்றைய நாளில் சொன்னபடி வந்து சேர்ந்தவை அவை மட்டுமே.

எங்கள் முதுமாணி வகுப்பில் ஒரேயொருவருக்குத்தான் கடவுச்சொல் வேலை செய்தது. படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவிலுள்ள ஒரு பள்ளியின் பிரதி அதிபர் அவர். அவருடையது மட்டும் ஏன் திறக்கிறது என்று நூலகத்துக்கும் தெரியவில்லை. கேட்டுப்போனவர்களிடம், "அவர்ர வேலை செய்யுதா?" என்று நூலகத்தார்தான் ஆச்சரியப்பட்டார்களாம்.

நல்ல மனிதர். கடவுச்சொல்லை முதல் நாளே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அன்று பின்னேரமே அது பயன்படாமல் போயிற்று. ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். இன்னொருவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே தள்ளப்படுவார். நான் ஒரு கட்டுரையின் தலைப்பை வாசித்து முடிப்பதற்குள் தள்ளப்பட்டேன். என்னைத் தள்ளியவரை வேறொருவர் தள்ளினார். எல்லோரும் பட்டதாரி ஆசிரியர்கள். பள்ளிக்கூடத்தில் குழாயடியில் வரிசையாக நில் என்று பிள்ளைகளை அதட்டுகிறவர்கள்.

அடுத்த சனிக்கிழமை பிரதி அதிபர் வகுப்பின் முன்னால் எழுந்து நின்றார்.

"நம்மட வட்டையில தண்ணி எப்பிடிப் பாயுது?" என்று கேட்டார். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்வெளி. "ஒரு வாய்க்கால். நூறு வயல். வெட்டுக்குத்து வராமப் பாயுதா இல்லயா? ஏன் எண்டா முறை இரிக்கி. முறையப் பார்க்க ஒரு வட்டவிதானை இரிக்கார். இதுக்கும் அப்பிடித்தான் செய்யணும்."

"அப்ப விதானை ஆரு?" என்று கேட்டாள் பின்னாலிருந்து சித்தாண்டிக் கணித ஆசிரியை. எங்கள் வகுப்பில் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கிறவள் அவள் ஒருத்திதான்.

"வாய்க்கால் என்ர. அப்ப நான்தான்."

"வாய்க்கால் கெம்பஸ்ஸிட, போடியார்." கெம்பஸ் என்றால் பல்கலைக்கழகம்; போடியார் என்றால் வயலுக்குச் சொந்தக்காரர்.

"கெம்பஸ்ஸிட வாய்க்காலில தண்ணி வரல்லயே, ரீச்சர்."

அன்றிலிருந்து அவர் விதானையானார். வட்டவிதானை எப்படி மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் நேரம் பிரிப்பாரோ, அப்படியே பிரித்தார். தூர இடத்தவர்களுக்குப் பகல், சமைக்கிறவர்களுக்குப் பின்னேரம், சொந்த முறையைக் கடைசியாக வைத்துக்கொண்டார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உள்ளே போகிறவர் "மடை திறந்தாச்சு" என்று போடவேண்டும். வெளியே வந்ததும் "மடை மூடியாச்சு." மூட மறந்தவருக்கு அடுத்த முறை கிடையாது. எங்கள் அதிபர் ஒரு நாள் என் கைபேசித் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, நான் வயல் வாங்கிவிட்டேன் என்று ஆசிரியர் அறையில் சொல்லி வைத்தார். மறுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஆய்வு செய்கிறேன் என்பதைவிட அது மரியாதையான செய்தி.

என் முறை வியாழக்கிழமை பின்னேரம். பள்ளி முடிந்து, வாவியோரப் பூவரச மரத்தடியில், மற்ற இடமெல்லாம் ஒற்றைக் கோடாக இருக்க, சிக்னல் இரண்டு கோடு வருகிற ஒரே இடத்தில் உட்கார்ந்து மடையைத் திறப்பேன். வாவி வற்றி, சேறு தெரிந்து, கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் பொறுமை எனக்கு இல்லை.

தேடும் பெட்டியில் எங்கள் வாவியின் பெயரைப் போட்டேன். வந்தன. ஏராளமாக வந்தன. எங்கள் வாவியின் சேற்றில் எந்த உலோகம் எவ்வளவு, எந்த மீனின் வயிற்றில் எந்தப் புழு, கண்டல் மரத்தின் இலையில் எந்த அமிலம். எங்கள் இறாலை அதன் குடல் வரைக்கும் அறிந்த ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதைப் பிடிக்கப் போகிற பிள்ளையைத்தான் எவரும் பார்க்கவில்லை. மீனுக்கு இருக்கிற இலக்கிய மீளாய்வு எங்கள் மனிதருக்கு இல்லை.

"பாடசாலை வரவு" என்று போட்டேன். அதுவும் வந்தது. பனி விழும் நாடுகளில் பனி விழுந்தால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லையாம். அதை நிறுவுவதற்குப் பெரிய பெரிய அட்டவணைகள். யாரோ ஒரு மேற்பார்வையாளர் அங்கேயும் "ஆதாரம்?" என்று எழுதியிருக்கவேண்டும். வாசிக்க ஆசைப்பட்டு அமத்தினால், இந்தக் கட்டுரை உங்கள் நிறுவனத்தின் சந்தாவுக்குள் வராது என்றது. சுருக்கம் மட்டும் வாசிக்கலாம். கலியாண வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து, உள்ளே என்னென்ன கறி என்று சொல்லி அனுப்புவது போல.

நேரம் முடியுமுன்னே குழுவில் செய்தி வந்துவிடும். "செட்டிபாளையம் ரீச்சர், மூடுங்க. கீழ்மடை காயுது."

வெறுத்துப்போய்த்தான் மற்றப் பக்கம் போனேன். அறிமுக நாளில் கடைசித் திரையில், எல்லோரும் வடைக்கு எழுந்த நேரத்தில், "திறந்த கல்வி வளங்கள்" என்று ஒரு தலைப்பு ஓடி மறைந்திருந்தது. கடவுச்சொல் வேண்டாம். முறை வேண்டாம். விதானை வேண்டாம். பாடநூல்கள், ஆசிரியர் கைந்நூல்கள், ஆய்வுக் கட்டுரைகள், முழுதாக, கடைசிப் பக்கம் வரை. எவரும் எடுக்கலாம், படியெடுக்கலாம், தம் ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம். எடுத்த இடத்தைச் சொன்னால் போதும் என்று முகப்பில் எழுதியிருந்தது. படியெடுக்க எங்களுக்கு எவரும் அனுமதி தரத் தேவையில்லை. தலைமுறையாகச் செய்து வருகிறோம். எடுத்த இடத்தைச் சொல்லவேண்டும் என்பதுதான் புதிய செய்தி.

நேர்மையாகச் சொல்கிறேன், அங்கேதான் எனக்கு வாசிப்பு மீண்டும் வாசிப்பாக இருந்தது. எங்கோ ஒரு பெரிய ஆற்றின் கழிமுகத்து ஊர்களைப் பற்றி ஆசிரியர்களுக்காக எழுதிய ஓர் இலவசக் கைந்நூல். பருவமும் பள்ளி வரவும் என்று ஒரு பகுதி. அங்கும் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டளையிட்டது. வேறு மொழி, வேறு மீன், அதே வெறும் வாங்கு. கொக்குகள் போய், இருட்டு வந்து, நுளம்பு கடித்ததும்தான் தலையை நிமிர்த்தினேன். என்னைப் பைத்தியம் என்று எண்ணாத ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது.

கச்சான் அடங்கி, முதல் இடி இடித்து, வானம் கறுத்த நாட்களில் அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். ஒவ்வொரு கூற்றின் பின்னாலும் ஓர் அடைப்புக்குறி, அதற்குள் ஓர் ஆள். பக்கத்தைப் பார்த்தால் வாக்கியங்களெல்லாம் ஆளுக்கொரு பாதுகாவலரோடு ஊர்வலம் போவது போல இருந்தது. கவிதை ஒரு சொட்டும் இல்லை. கடைசிப் பந்தியில் மட்டும், அடிக்கப்பட்ட அந்த வரியை, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், அப்படியே திரும்ப வைத்தேன். இவ்வளவு ஊர்வலத்துக்குப் பின்னால் தனியாக நடந்து வரும் ஒருத்தியை அவர் கவனிக்கமாட்டார் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில்தான் எங்கள் விதானை தம் சேவையை விரிவாக்கினார்.

அவருடைய கடவுச்சொல் இன்னொரு கதவையும் திறந்தது. எழுதியதை உள்ளே போட்டால், உலகத்தில் எங்காவது அதே சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பார்த்து ஒப்புமை அறிக்கை தரும் கதவு. பீடத்துக்கு ஒப்படைக்கும்போது அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள். "அவன் பார்க்க முந்தி நாம பார்ப்பம்" என்றார் விதானை. "விதைக்க முந்தி நெல்ல முளைக்கட்டிப் பார்க்கிறல்லயா. எல்லாரும் எனக்கு அனுப்புங்க. நானே போட்டுப் பார்த்துச் சொல்றன். உங்கட முறைத் தண்ணியும் மிச்சம்."

எல்லோரும் அனுப்பினோம். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து எங்கள் எல்லோருடைய அத்தியாயங்களையும் ஒவ்வொன்றாகத் தம் பெயரில் உள்ளே போட்டார். எல்லாம் சுத்தம். எனக்கு வந்த செய்தியில், "ரீச்சர், உங்கடது கல்லு நெல்லு இல்லாத அரிசி" என்று இருந்தது. நானும் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன். சித்தாண்டி ஆசிரியை பூங்கொத்துப் படம் அனுப்பினாள்.

ஒப்படைத்தோம். மழை பிடித்தது. நாளும் இரவும் பெய்தது. வாவி ஏறி, பூவரச மரத்தடி போய், என் சிக்னல் இரண்டு கோடும் தண்ணீருக்குள் போன நாளில் மேற்பார்வையாளர் அழைத்தார்.

"உங்கட அத்தியாயம் முழுக்க வேறொருத்தர்ர" என்றார். "தலைப்பு, பந்தி, நிறுத்தக்குறி, எல்லாம். கொப்பி அடிக்கிறதெண்டாலும் பிழையளயாவது மாத்தியிருக்கலாம்."

"ஆர்ர சேர்?"

அவர் விதானையின் பெயரைச் சொன்னார்.

நாங்கள் செய்திருந்தது இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த இயந்திரம், பார்க்கக் கொடுத்ததையெல்லாம் பார்த்துவிட்டு, கொடுத்தவரின் சொத்தென்று தன் களஞ்சியத்தில் போட்டு வைத்துக்கொள்கிறது. முதலில் போட்டவர் உரிமையாளர். பிறகு வருகிறவர் கள்ளர். எங்கள் வகுப்பு முழுவதும் ஒரே மனிதரிடமிருந்து திருடியிருந்தது. முன்பள்ளிப் பிள்ளைகளின் போசாக்கு, ஆங்கிலம் கற்பித்தல், பின்னம் கற்பதில் இடர்ப்பாடு, கர்நாடக சங்கீதமும் கவனக்குவிப்பும், எல்லாம் அவர் எழுதியவை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில். இப்படியொரு மேதை எங்கள் மாவட்டத்தில் இருப்பதை அதுவரை எவரும் அறிந்திருக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னன், வாய்க்கால் கெம்பஸ்ஸிட எண்டு" என்று குழுவில் எழுதினாள் சித்தாண்டி ஆசிரியை. விதானை பக்கம் மடை மூடியிருந்தது.

மற்றவர்களுக்கு அடுத்த தவணை வரை நேரம் இருந்தது. என் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது. ஆகவே என்னையும் விதானையையும் முதலில் கூப்பிட்டார்கள். போன வழியெல்லாம் வெள்ளம். மேற்பார்வையாளர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, செருப்பில்லாமல், மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசைமேல் ஒப்புமை அறிக்கை, முழுக்க ஒரே நிறத்தில். அவருடைய கைபேசி சிணுங்கியது.

"சொல்லு. எந்தப் படி வரைக்கும்?... சரி, கதவடியில மூட்டையப் போடு. இன்னும் வெட்டல்லயாம். நாளைக்கு வெட்டுறதெண்டு கதை." கைபேசியை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஆற்றுவாய் எப்போது வெட்டுவார்கள் என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஆதாரம் என்னவென்று கேட்க எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. பதிவு முடிகிற மாதம், நாக்கை மடக்கிக்கொண்டேன்.

"இந்த அறிக்கையின்படி," என்றார், "இந்த அத்தியாயத்த எழுதினது இவர்."

"சேர்," என்றார் விதானை, "அறிக்கையின்படி நான் சித்தாண்டி ரீச்சர்ர பின்னக் கணக்கையும் எழுதியிரிக்கன். எனக்குப் பின்னம் கூட்டத் தெரியா. வயலையே பின்னமாப் பிரிக்கத் தெரியாமத்தான் தம்பிக்கும் எனக்கும் கதை பேச்சு இல்ல."

"இது பகிடி இல்ல."

"இல்ல சேர்."

முறைத் தண்ணீர்க் கதையைச் சொன்னோம். அவர் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றீங்க, அவரும் சொல்றார். ரெண்டு பேரும் கூட்டு எண்டா அப்பிடித்தான் சொல்லுவீங்க. உங்கட எண்டு காட்ட என்ன இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

என்ன இருந்தது? கோப்பின் திகதியை எவரும் மாற்றலாம் என்றார். நான் எடுத்த கட்டுரைகளைச் சொன்னேன். அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன, கடவுச்சொல் விதானையுடையது. கைந்நூலைச் சொன்னேன். அது எவருக்கும் திறந்தது, அவரும் வாசித்திருக்கலாம். அப்போதுதான் பார்த்தேன்: மேற்பார்வையாளர் சொன்னபடி கூற்றுக்கொரு ஆளாக அடுக்கியதில், எவரும் எழுதியிருக்கக்கூடிய ஓர் அத்தியாயத்தை வெகு சிரத்தையோடு எழுதி வைத்திருந்தேன். ஆய்வு முறையியலில் அதற்குத்தான் கூடிய புள்ளி.

அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய்க் கடைசிப் பந்தியில் நின்றார்.

"இத அடிக்கச் சொன்னனான்."

"ஓம் சேர்."

"அடிக்கல்ல."

"அடிக்கல்ல சேர்."

தாளை விதானை பக்கம் தள்ளினார். "இத நீங்க எழுதினீங்களா?"

விதானை மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். என்னைக் காப்பாற்ற, "இல்லை" என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இது பிழை சேர்."

"என்ன பிழை?"

"ஆத்துவாய் வெட்டினா மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கு வருவாங்க. இதில போயிடுறாங்க எண்டு கிடக்கு."

"ஆரு வாற?" என்றேன். எனக்கே தெரியாமல் எழுந்து நின்றிருந்தேன். "ஒரு பிள்ளை வராது. அத்தாங்கோட எல்லாம் வாயடியில நிக்கும்."

"உங்கட பக்கம் நிக்கும். எங்கட பக்கம் என்ன இறாலா ஓடுது? ஆறு நிறைஞ்சா எங்கட தாம்போதிப் பாதை தண்ணிக்குள்ள. கிழமைக்கணக்கா ஒரு பிள்ளை கடக்க ஏலா. நானும் வோச்சரும் வெறும் பள்ளிய காவல் காக்கிற. வாய் வெட்டினாத்தான் தாம்போதி தெரியும். அடுத்த நாள் பாருங்க, வாங்கு காணாது, அவ்வளவு பிள்ளைகள்."

"அத ஏன் நீங்க உங்கட ஆய்வில எழுதல்ல?" என்று கேட்டேன்.

"எழுதினன். ஆதாரம் கேட்டாங்க."

"அப்ப என்ன செய்தீங்க?"

"வெட்டிட்டன். நான் உங்களப் போல பிடிவாதக்காரன் இல்ல, ரீச்சர். எனக்கு வயல் இரிக்கி."

வாவியின் இரண்டு கரையும் அந்த மேசைக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தன. ஒரே வெட்டு, ஒரே தண்ணீர். ஒரு கரையில் வகுப்பைக் காலியாக்குகிறது, மறு கரையில் நிறைக்கிறது. இத்தனை வருடம் இந்தக் கரையில் இருந்தும், மற்றக் கரைப் பிள்ளை அந்த நாளுக்காகக் காத்திருப்பது எனக்குத் தெரியாது. தரவுத்தளத்தில் இல்லாததை நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். என் தலைக்குள்ளும் அது இருக்கவில்லை. வகுப்பில் எனக்குப் பின்வரிசையில்தான் அந்த மனிதர் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடவுச்சொல்லைத் தவிர வேறொன்றும் பரிமாறியதில்லை.

மேற்பார்வையாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அவர் வாய் "ஆதாரம்" என்று திறந்தது. திறந்தபடியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

"இத எழுதினது நீங்க இல்ல" என்றார் விதானையிடம்.

"அதத்தானே சேர் நான் முதல்லயே சொன்னன்."

என்னைப் பார்த்தார். "இந்த வசனம் இருக்கட்டும். இவர் சொன்னதையும் பக்கத்தில போடுங்க. தனிப்பட்ட தொடர்பாடல் எண்டு இவரையே ஆதாரமாக் காட்டலாம், அதுக்கு விதி இருக்கு. திருத்தி அனுப்புங்க, பார்ப்பம்."

அப்படி ஒரு விதி இருந்திருக்கிறது. கச்சான் காலம் முழுக்க அது எங்கே படுத்திருந்தது என்று நான் கேட்கவில்லை.

"அப்ப என்ர பேர் ரீச்சர்ர ஆய்வில வருமா சேர்?" என்று கேட்டார் விதானை.

"வரும். இந்த முறை ஒழுங்கா வரும்."

தண்டனை இல்லாமல் இல்லை. விதானையின் கடவுச்சொல்லைப் பீடம் நிறுத்தியது. களஞ்சியத்தில் அவர் பெயரிலிருந்த எங்கள் அத்தியாயங்களை நீக்குவதாகச் சொன்னார்கள், ஒரு கிழமைக்குள். வகுப்பு முழுவதும் வேறு வழியில்லாமல் திறந்த வளங்களுக்குப் போனது. சித்தாண்டி ஆசிரியை அங்கே பின்னம் பற்றி ஒரு முழுப் பாடநூலைக் கண்டெடுத்துவிட்டு, "இது இவ்வளவு நாளும் பூட்டாமலா கிடந்த?" என்று குழுவில் கேட்டாள். வாசல் திறந்து கிடக்க, சாவித் துவாரத்துக்கு முறை வைத்திருந்த பட்டதாரிகள் நாங்கள்.

மேற்பார்வையாளரைப் பார்த்த அன்றிரவே திருத்தி அனுப்பினேன். மறுநாள் ஆற்றுவாய் வெட்டினார்கள். அதற்கு அடுத்த காலை வகுப்புக்குள் போனேன். முன்வாங்கில் கடைக்காரர் பிள்ளைகள். பின்னால் வெறும் பலகை, அதன்மேல் மழை விட்ட வெயில். தூரத்தில், வாவிப் பக்கமிருந்து, அத்தாங்கு இழுக்கும் சத்தமும் சிரிப்பும் காற்றில் வந்தன. வலயப் பணிமனைக் கடிதம் எப்படியும் தை மாதம் வரும்.

கைபேசி அதிர்ந்தது. மேற்பார்வையாளரின் மின்னஞ்சல். அத்தியாயம் ஏற்கப்பட்டது, பதிவு தொடரும். சிறு திருத்தம் ஒன்று மட்டும்: தனிப்பட்ட தொடர்பாடலுக்குத் திகதி இல்லை. அவர் அதை எப்போது சொன்னார்?

சண்டை பிடித்த நாளின் திகதியைத்தான் போடவேண்டும். அதை நினைவுபடுத்திக்கொண்டிருக்கும்போதே மறுபடி அதிர்ந்தது. அது விதானை, குழுவில் அல்ல, எனக்கு மட்டும். ஒரு படம். ஓட்டுக் கூரைக்குக் கீழே, கால் முழுக்கச் சேறோடு, ஒரு வாங்கில் நான்கைந்து பேராக நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள். கீழே எழுதியிருந்தார்: "ரீச்சர், தாம்போதி தெரியுது. சொன்னனா இல்லயா, வாங்கு காணாது. உங்கட பக்கம் எப்பிடி?"

என் பின்வாங்குகளைப் படமெடுத்து அனுப்பினேன். பிறகு ஆய்வேட்டைத் திறந்து, அவர் பெயருக்குப் பக்கத்தில், படம் வந்த அந்தக் காலையின் திகதியைப் போட்டேன்.